நான் எழுதிய ஸ்கோர் கொப்பிகள்

கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற இலங்கை அணி சில வருடங்களுக்குள் அவ்வளவு கெட்டுப்போகும் என்று எங்கள் லேனில் யாரும் நினைக்கவில்லை. நான் நினைத்தேன். நினைத்ததைக் கொப்பியில் எழுதியும் வைத்தேன்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு லேனில், மாடியில் இரண்டு அறை எடுத்து இருந்தோம். கலியாணமாகி இரண்டு வருடம். நான் கொச்சிக்கடையில், துறைமுகத்துக்கு வருகிற சாமான்களுக்குப் பத்திரம் தயாரிக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் டைப்பிஸ்ட். என் கணவர் மருதானையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிகளைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிற வேலை பார்த்தார். அதிகம் பேசாதவர். கிரிக்கெட் என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் நாலா ஆறா என்று என்னைத்தான் கேட்பார். பதில் சொல்வதற்குள் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் காலத்திலேயே பிடித்த பைத்தியம். என் மூத்த அண்ணன் பள்ளிக்கூட அணியில் விளையாடினான். ஒரு சனிக்கிழமை ஸ்கோர் எழுத வேண்டியவர் வரவில்லை. மதிலோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கூப்பிட்டுக் கொப்பியைத் தந்தார்கள். அன்றிலிருந்து ஸ்கோர் எழுதாமல் ஒரு ஆட்டத்தையும் என்னால் கேட்க முடிந்ததில்லை. ஓட்டம் இல்லாத பந்துக்குப் புள்ளி. நோ போலுக்கு வட்டம். வைட்டுக்குச் சிலுவை. துடுப்பில் படாமல் ஓடிய 'பை' ஓட்டத்துக்கு முக்கோணம், காலில் பட்டு ஓடிய 'லெக் பை'க்குத் தலைகீழ் முக்கோணம். ஒரு ஓவரில் ஓட்டமே இல்லையென்றால், மெய்டன் என்று, ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து ஆங்கில எம் ஆக்கிவிடுவேன். அதிலேயே விக்கெட்டும் விழுந்தால் அந்த எம் எழுத்தைக் கவிழ்த்து டபிள்யூ போல இணைப்பேன். அண்ணன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும், நாங்கள் கொழும்புக்கு வந்த பிறகும், நான் எழுதிக்கொண்டேயிருந்தேன்.

தோல்விகள் தொடங்கியபோது ஓரத்தில் குறிப்புகளும் எழுதத் தொடங்கினேன். தொடக்க ஆட்டக்காரர்கள் கோப்பை வாங்கிய நாளை நினைத்துக்கொண்டே ஆடுகிறார்கள் என்று எழுதினேன். களத்தடுப்பில் வயது தெரிகிறது என்று எழுதினேன். ஒரு நீள்வட்டம் போட்டு, நடுவில் சின்னச் செவ்வகம் வரைந்து, ஆட்கள் நிற்கிற இடங்களைப் புள்ளிகளால் குறித்து, ஓட்டை எங்கே என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். யாருக்குக் காட்டினேன்? வானொலிக்குள் இருந்து பேசுகிறவர்களுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அணியைவிட அவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். பந்து துடுப்புக்கு ஒரு முழம் தள்ளிப் போனால் "மயிரிழையில் தவறியது" என்பார்கள். எதிரணி நாலு அடித்தால் "தடுமாறி அடித்த ஒரு நாலு" என்பார்கள். கடைசி இரண்டு பேர் நிற்கும்போது, வெல்ல நூறுக்கு மேல் வேண்டியிருக்கும்போது, "இன்னும் வாய்ப்பு இருக்கிறது நேயர்களே" என்று ஒருவர் உருகுவார். அந்த வசனத்தைக் கேட்டால் பேனாவை எறியத் தோன்றும். சில காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவர்கள் சொல்வதைவிட, சொல்லாமல் விடுவதைக் கவனிப்பது. வானிலையைப் பற்றியோ கூட்டத்தைப் பற்றியோ நீளமாகப் பேசினால் களத்தில் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது.

நடுவில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் செய்தி வாசிப்பார்கள். வடக்கில் படையினர் முன்னேறுகிறார்கள், சில இடங்களில் உபாயமாகப் பின்நகர்ந்திருக்கிறார்கள், பொதுமக்களுக்குச் சேதமில்லை. பிறகு மறுபடி ஆட்டம். குரல் மாறும், தொனி மாறாது. அம்மா அப்போதும் வடக்கில்தான் இருந்தா. செய்தியிலும் நான் சொல்லாமல் விட்டதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கீழ்வீட்டில் வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற ரயில்வே உத்தியோகத்தர், சிங்களவர், மனைவி இறந்தபின் தனியாள். நான் அவரை அங்கிள் என்பேன், அவர் என்னை 'துவே' என்று மகளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவார். எங்களுடைய பேச்சு சிங்களத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் அவருடைய வானொலி விறாந்தையில் அலறும். நான் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுவேன். ஒரு விக்கெட் விழுந்தால் அவர் எழுந்து வாசலுக்கே போய்விடுவார்.

"எல்லாரையும் ஒரு லொறியில் ஏற்றிக் கடலில் தள்ளுங்கள்! அந்தத் தலைவனை முதலில் தள்ளுங்கள்!"

லேன் முழுவதும் கேட்கும். எதிர்வீட்டார் சிரிப்பார்கள். நானும் என் பங்குக்கு ஒன்று சொல்ல வாயெடுத்தால் மேலே யன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். பிறகு என் கணவர் படியில் வந்து நிற்பார்.

"மெல்லக் கதையும்."

"அங்கிள் கத்துறார், அதுக்கு ஒண்டும் இல்லை. நான் கதைச்சா மட்டும் என்ன?"

"அவர் கத்தலாம். நீர் மெல்லக் கதையும்."

எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

நகரத்தில் குண்டு வெடித்த ஒரு வாரத்துக்குப் பிறகு, வேலை முடிந்து வரும்போது காலி வீதியில் ஒரு மின்சாரச் சாமான் கடைக்கு முன்னால் கூட்டம் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் தொலைக்காட்சியில் ஆட்டம். நானும் நின்றேன். நேராகக் கைக்குள் வந்த ஒரு பிடியை எங்களுடைய ஆள் தவறவிட்டான். வாய் தவறி, "சனியன்!" என்று தமிழில் சொல்லிவிட்டேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் மெதுவாகத் திரும்பினார். நல்ல சேர்ட், அலுவலகத்திலிருந்து வருகிற ஆள்.

"சந்தோஷமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை, கோபம்," என்றேன் நானும் சிங்களத்தில்.

"சந்தோஷமா என்றுதான் கேட்டேன்."

குரல் உயரவில்லை. சுற்றி நின்ற ஆண்கள் தொலைக்காட்சியை விட்டு என்னைப் பார்த்தார்கள். நான் நடந்தேன். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினால் அவரும் பின்னால் வந்துகொண்டிருந்தார். எனக்குப் பின்னால்தான் வந்தாரா, தன்பாட்டில் வீட்டுக்குப் போனாரா என்று தெரியாது. எங்கள் லேன் வந்தபோது அதற்குள் இறங்காமல் நேரே போனேன். மூன்று பஸ் நிறுத்தம் தாண்டி, ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்து, வேண்டாத ஒரு இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வீட்டில் அதைச் சொல்லவில்லை. சொன்னால் என் கணவர் வானொலியையும் சாத்திவிடுவார் என்று பயம்.

அலுவலகத்தில் சொன்னேன். அங்கே துறைமுகத்துக்கு ஓடித் திரிகிற வேலையில் மாளிகாவத்தைக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கிரிக்கெட் நன்றாகத் தெரிந்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கொப்பியை வாங்கிப் பார்ப்பார். அன்றைக்கும் பார்த்தார். பக்கங்களைப் புரட்டப் புரட்ட முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே போனது.

"தங்கச்சி, இத பஸ்ஸுக்குள்ள தொறக்கிறீங்களா?"

"சில நேரம். ஏன்?"

"எனக்கு கிரிக்கட் தெரியும், அதனால வெளங்குது. தெரியாதவன் பாத்தா என்னான்னு நெனப்பான்? புள்ளி, முக்கோணம், வரைபடம் மாதிரி ஒண்டு. இந்தப் பக்கத்துல பாருங்க, தலைவர், தலைவர்னு எழுதி வெச்சிருக்கீங்க."

"அணித்தலைவரைத்தானே எழுதினனான்."

"அது ஒங்களுக்கும் எனக்கும்." கொப்பியை மூடித் தந்தார். "வீட்டுல வெச்சுக்கங்க. முடிஞ்சா வீட்டுலயும் வெக்காதீங்க."

அவர் சொன்னதில் பாதியைக் கேட்டேன். எரிக்க மனம் வரவில்லை. எட்டுக் கொப்பிகளையும் ஒரு பழைய சீலையில் சுற்றி, கூறைச் சேலை வைத்திருந்த சூட்கேஸின் அடியில் வைத்து, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மேசையில் திறந்து கிடந்திருந்தால் அவை வெறும் கொப்பிகளாக இருந்திருக்கும். ஒளித்து வைத்ததால் வேறு ஒன்றாகிவிட்டன.

அடுத்த கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில் லேனின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டுப் பொலிஸார் தேடுதலுக்கு வந்தார்கள். அது புதிதல்ல. அடையாள அட்டை, கொழும்பில் தங்கும் தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுப் பத்திரம் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். எடுத்துக் கொடுத்தோம். ஒரு அதிகாரி, இரண்டு பொலிஸ்காரர், ஒரு பெண் பொலிஸ். அலுமாரியைத் திறந்தார்கள், அரிசி வாளிக்குள் கை விட்டார்கள். பெண் பொலிஸ் கட்டிலுக்குக் கீழேயிருந்து சூட்கேஸை இழுத்தாள்.

சீலை மடிப்பைப் பிரித்துக் கொப்பிகளை வெளியே எடுத்தபோது அறையில் எல்லாரும் ஒரு கணம் நின்றார்கள். அதிகாரி ஒரு பக்கத்தைத் திறந்தார். புள்ளிகள். இன்னொரு பக்கம். நீள்வட்டமும் அம்புக்குறியும். பொலிஸ்காரரில் ஒருவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். அவரிடம் கொடுத்தார்.

அவர் விரலை வைத்து வாசித்தார். "தாக்குதல்... போதாது. இங்கே... ஓட்டை. மூன்றாம் ஆள்... இல்லை. தலைவர்..." நிறுத்தி அதிகாரியைப் பார்த்துவிட்டு மறுபடி வாசித்தார். "தலைவர் சொல்வதை... யாரும் கேட்பதில்லை."

"யாருடையது?" என்று அதிகாரி கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "மகே," என்றார். சிங்களத்தில், என்னுடையது என்று.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பெண் பொலிஸ் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை, இது கிரிக்கெட், நான்தான்" என்று தொடங்கினேன். தமிழில், மிகத் தாழ்ந்த குரலில், "நீர் பேசாம இரும்," என்றார். எங்கள் கலியாண வாழ்க்கையில், கெஞ்சலாக இல்லாமல், அவர் எனக்கு இட்ட ஒரே கட்டளை அதுதான். நான் பேசாமல் இருந்தேன். அதை இன்று வரை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஒரு பந்துக்குப் பேசாமல் இருக்க முடியாத நான் அந்த நேரம் பேசாமல் நின்றேன்.

அங்கிள் சாரத்தோடு ஓடி வந்து, "சேர், இது கிரிக்கெட் ஸ்கோர்," என்று ஜீப் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். "பார்ப்போம். நீங்கள் உள்ளே போங்கள்," என்றார் அதிகாரி. ஜீப் போய்விட்டது. சப்பாத்து போட என் கணவரை விடவில்லை. செருப்போடு போனார்.

அன்று பகல் முழுவதும் அங்கிளும் நானும் ஒவ்வொரு நிலையமாக ஏறி இறங்கினோம். எங்கும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். அங்கிளோடு ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரின் மருமகன் பொலிஸில் இருந்தான். பின்னேரம் அவன் மூலமாகத்தான் எந்த இடம் என்று தெரிந்தது. மறுநாள் அங்கே ஒரு மர வாங்கில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்தோம். யாரும் கூப்பிடவில்லை. உள்ளே ஒரு கதவு திறந்து மூடும்போதெல்லாம் நான் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் வரவில்லை. அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். வேறு ஒரு அதிகாரி, நடுத்தர வயது, நிதானமான மனிதர். மேசையில் என் எட்டுக் கொப்பிகளும் அடுக்கியிருந்தன. இரும்பு அலுமாரிக்கு மேல் ஒரு வானொலி, சத்தம் குறைத்து ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம். அன்று ஆட்டம் இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

"இது ஸ்கோர் என்று எனக்கு முதல் நாளே தெரியும்," என்றார் அவர். "பள்ளிக்கூடத்தில் நானும் விளையாடியிருக்கிறேன்."

"அப்படியென்றால், சேர்..."

"உங்களுடைய கணவர் தான் எழுதினேன் என்கிறார். ஆனால் அவருக்கு இது என்னவென்று தெரியாது. இந்த முக்கோணம் என்ன என்று கேட்டேன். மழை பெய்ததற்கு அடையாளம் என்றார்." சிரிக்காமல் சொன்னார். "இவ்வளவு சின்ன விஷயத்தில் பொய் சொல்கிறவர் பெரிய விஷயத்தில் என்ன மறைக்கிறார் என்று நாங்கள் பார்க்கத்தானே வேண்டும்?"

மூன்று நாளாக என் கணவர் என் கொப்பிக்கு அர்த்தம் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு குறிக்கும் ஒன்று.

"நான்தான் எழுதினேன், சேர். அவர் எனக்காகச் சொன்னார்."

"பெண்பிள்ளை? எட்டுக் கொப்பியா?"

"ஓம், சேர்."

அவர் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். எழுந்து வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

"எழுதுங்கள்."

கோடு போட்டேன். முதல் கோடு வளைந்தது. சிங்கள வர்ணனை. எங்களுடைய அணி துடுப்பெடுத்தாடிக்கொண்டிருந்தது, அதற்குள்ளேயே நாலு பேர் போயிருந்தார்கள். புள்ளி, புள்ளி, ஒன்று, புள்ளி. பிறகு கை தானாக ஓடியது. அவர் வானொலியைக் கவனிக்கவில்லை, என் தாளையும் கவனிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது விளங்கியதும் தலையை இன்னும் குனிந்துகொண்டேன். அடுத்த விக்கெட் விழுந்தால் என் முகம் என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. கவலைப்பட்டால் நடிப்பு என்பார். ஒன்றும் காட்டாவிட்டால் அதற்கும் ஒரு பெயர் இருக்கும். வர்ணனையாளர் வானத்தில் கூடுகிற மேகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஐயோ, விழப்போகிறது என்று நினைத்தேன். விழுந்தது. குனிந்தபடி விக்கெட்டுக்கு டபிள்யூ எழுதினேன். இன்னும் இரண்டு ஓவரில் இன்னொன்று.

அவர் பழைய கொப்பியை எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். ஏழு எழுதுகிறபோது நான் நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவேன். அதில் விரலை வைத்துக்கொண்டு, ஓரத்துக் குறிப்பு ஒன்றைக் காட்டினார். அதன் சிங்களம் பென்சிலால் பக்கத்தில் எழுதியிருந்தது.

"இவர்கள் இனி எழும்ப மாட்டார்கள். இதையும் நீங்கள்தான் எழுதினீர்களா?"

"ஓம்."

"எழும்பக் கூடாது என்று விருப்பமா?"

"இல்லை, சேர். கோபத்தில் எழுதினது."

"கோபம்," என்று திருப்பிச் சொன்னார். "உங்களுக்கு எதற்குக் கோபம்?"

அவர் கேட்டது உண்மையாகவே அறிந்துகொள்ளத்தான் என்று நினைக்கிறேன். தோற்றால் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்காது என்று சொல்லியிருக்கலாம். என்னுடைய அணி என்று சொல்லியிருக்கலாம். அந்த மேசைக்கு முன்னால், அந்தக் கொப்பிகளுக்கு முன்னால், அந்தச் சொல் வாயில் வரவில்லை.

கதவோரம் நின்ற அங்கிளுக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது. வானொலியில் தேவையில்லாத ஓட்டத்துக்கு ஓடி ஒருவன் ரன் அவுட் ஆனான்.

"மாடுகள்!" என்று கத்தினார் அங்கிள். "குருட்டு மாடுகள்! இவர்களுக்குச் சோறு போடக் கூடாது!"

அதிகாரி முதலில் திடுக்கிட்டார். பிறகு சிரித்தார். "உண்மை அங்கிள், உண்மை. தெரிவுக்குழுவை முதலில் மாற்ற வேண்டும்." "தலைவனையும் சேர்த்து!" "தலைவன் முடிந்துபோன ஆள் அங்கிள், அவனுக்கு ஓடவே ஏலாது." இரண்டு பேரும் ஐந்து நிமிடம் அணியைக் கிழித்துப் போட்டார்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் மேசையில் கிடந்த என் கொப்பிகளில் இருந்தது. நான் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் என்னிடம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள், மிஸ். இத்தனை எழுதுகிறீர்களே. இன்றைக்கு வெல்லுவோமா?"

ஏழு பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் பந்து வீச்சாளர்கள். அந்த ஆட்டம் முடிந்துபோனது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இன்னும் வாய்ப்பு இருக்கிறது, சேர்," என்றேன்.

அவர் தலையாட்டினார். முகத்தில் ஒரு திருப்தி வந்தது. வானொலியை நிறுத்திவிட்டு, நான் எழுதிய தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். "நாளைக் காலையில் வாருங்கள். கொப்பிகள் இங்கே இருக்கட்டும்."

காலையில் என் கணவரை வெளியே விட்டார்கள். அதே சேர்ட், அதே செருப்பு. முகத்தில் ஒரு கீறலும் இல்லை. ஆட்டோவில் அவருக்கு இடது பக்கம் நான், வலது பக்கம் அங்கிள். "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டேன். பதில் இல்லை. என்னில் கோபம் என்று நினைத்து அழுதேன். அழுகையைப் பார்த்துத்தான் திரும்பினார்.

"என்ன கேட்டனீர்?"

"சாப்பிட்டனீங்களோ எண்டு."

"ஓம், ஓம். தந்தவங்கள்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகு, "என்ன செய்தவங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை. கேள்விதான் கேட்டவங்கள்."

அதற்குப் பிறகு யாராவது பேசினால் வலது காதைத் திருப்புவார். கட்டிலில் நாங்கள் படுக்கிற பக்கத்தை மாற்றிக்கொண்டோம். டொக்டரிடம் போவோம் என்று பல தடவை சொன்னேன். கடையில் மெஷின் சத்தத்தில் வந்தது, அது போய்விடும் என்றார். அந்தக் கடையில் அவர் ஆறு வருடமாக வேலை செய்தார்.

நான் எழுதுவதை விட்டுவிட்டேன். வானொலியை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தேன். ஒரு கிழமை கழித்து, வேலையால் வந்தபோது அவர் அதை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு புதுக் கொப்பி.

"எனக்கு உதைச் சொல்லித் தாரும்," என்றார்.

"எதை?"

"ஸ்கோர் எழுதிறதை. எல்லாக் குறியும்."

"இனி ஒருத்தரும் எழுதத் தேவையில்லை. விடுங்கோ."

"அடுத்த முறை கேட்டா எனக்குச் சொல்லத் தெரிய வேணும்."

"ஏன் கேக்கப்போறாங்கள்? விட்டிட்டாங்கள்தானே?"

"முக்கோணம் எண்டா என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பரீட்சைக்குப் படிக்கிறவர்போல ஒவ்வொரு மாலையும் படித்தார். கண்ணாடி தேய்க்கிற மனிதர், நுணுக்கமான கை. என்னுடையதைவிட அழகாக இருந்தன அவர் போட்ட வட்டங்கள். களத்தில் ஆட்கள் நிற்கிற இடங்களின் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பாடமாக்கினார். நான் கேள்வி கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும். பிழை விட்டால் முகம் வெளிறிப்போகும். அது விளையாட்டு என்பது அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதத்துக்குள் மறுபடி லேனை அடைத்தார்கள். இந்த முறை வந்தவர்கள் வேறு ஆட்கள், இளம் வயதுக்காரர்கள், அவசரத்தில் இருந்தார்கள். ஒருவன் பொலித்தீன் பையை வாங்கிப் பதிவுப் பத்திரத்தைப் பார்த்தான். "சரி," என்று திருப்பித் தந்தான். அறைக்குள்ளேயே வரவில்லை.

என் கணவர் பையை வாங்கவில்லை. நிமிர்ந்து நின்றுகொண்டு, சிங்களத்தில், "முக்கோணம் என்றால் பை," என்றார். "தலைகீழாகப் போட்டால் லெக் பை. வட்டம் நோ போல். ஆறு புள்ளியையும் சேர்த்தால் மெய்டன்."

அவன் விளங்காமல் அவரையும் என்னையும் பார்த்தான். "என்ன சொல்கிறார்?"

"தலைவர் என்றால் கெப்டன்," என்றார் என் கணவர். "அணியின் கெப்டன்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். "சுகமில்லை, மல்லி," என்று சிங்களத்தில் அந்த ஆளைத் தம்பி என்று கூப்பிட்டுச் சொன்னேன். அவன் ஒரு கணம் நின்றான். இரக்கமா சந்தேகமா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். அவன் படியிறங்கிப் போன பிறகும் இவர் வைட், ரன் அவுட் என்று தாழ்ந்த குரலில் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே அந்த வீட்டை விட்டோம். அங்கிள் அழுதார், போக வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அலுவலகத்து மாளிகாவத்தைக்காரர்தான் கொட்டாஞ்சேனையில், ஒரு கடைக்கு மேலே, எங்களுக்கு அறை பார்த்துத் தந்தார். எனக்கு வேலைக்கு நடந்துபோகிற தூரம். அவருக்கு மருதானைக்கு ஒரே பஸ்.

அணி பிறகு எழும்பியது. என் குறிப்பு பிழையாகிப்போனது. புது ஆட்கள் வந்தார்கள், வென்றார்கள், பிறகும் தோற்றார்கள். நான் கேட்பதில்லை. அவர் கேட்பார். வலது காதை வானொலியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு பந்து விடாமல் எழுதுவார். கொப்பிகள் மேசையில் எல்லாருக்கும் தெரியும்படி திறந்தே கிடக்கும். ஓரத்தில் ஒரு சொல்கூட இருக்காது. அணி கேவலமாகத் தோற்கிற நாளில், கீழே கடைக்காரர் திட்டுகிற சத்தம் மேலே கேட்கும். அப்போது இவர் எழுந்து போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதுவார்.